பூண்டு, மச்சான், நான் வெட்டிய எலி

ஒன்றரை மாதம் இருக்கும். அக்கா வீட்டுக்குப் போவதற்காக கந்தர்வக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், அந்தப் பூண்டுக் கட்டுரை எழுதுனது நீங்கதான?"

எழுதுகிறவனுக்கு இதைவிட இனிப்பான கேள்வி உண்டா? ஆமாம் என்றேன். சட்டைக் காலரைக்கூட லேசாகச் சரிசெய்துகொண்டேன்.

"ஒங்க மச்சான் கருப்பையாதான் சார் இப்ப நம்ம கடையில பெரிய கஸ்டமர். வாரா வாரம் ஒரு கிலோ பூண்டு! ஒங்க படத்தோட வந்த அந்தக் கட்டுரைய வெட்டி சட்டைப் பையில வச்சிருக்காரு. எனக்கே ரெண்டு வாட்டி படிச்சுக் காட்டினாரு."

வாரம் ஒரு கிலோவா? அந்த வீட்டில் இருப்பதே அக்காவும் மச்சானும்தான். பிள்ளைகள் ஒருத்தன் துபாயில், ஒருத்தி கோயம்புத்தூரில்.

"என்னங்க, எதாவது விசேஷமா?" என்று கேட்டேன்.

"விசேஷம் என்ன சார்... நீங்க சொன்னதத்தான அவரு செய்யிறாரு!"

நான் என்ன சொன்னேன்?

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். பொங்கல் முடிந்த கையோடு பூண்டைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நண்பர் ஒருவர் ஆங்கிலச் செய்தி ஒன்றை போனில் அனுப்பியிருந்தார். பூண்டில் இருக்கும் கந்தகச் சத்துகள் தோல் புற்றுநோய் வராமல் காக்க உதவுமா என்று ஆராய்கிறார்களாம். ஆஹா, நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிற சங்கதியாயிற்றே என்று உற்சாகமாகிவிட்டேன். அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். கடைசி வரி இப்படி: 'ஆகவே அன்பர்களே, சன்ஸ்கிரீனைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். ரெண்டு பல் பூண்டைத் தூக்கி வாயில் போடுங்கள்!'

அந்த வரிக்கு வந்த பாராட்டு கொஞ்சநஞ்சமல்ல. எனக்குக் கடைசி வரி என்றால் ஒரு பலவீனம். மேலே என்ன எழுதினாலும் கீழே ஒரு 'நச்' வேண்டும். அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியபோது என் கோப்புகளின் கடைசி வரியை யாரும் ரசித்ததில்லை. அந்தக் குறையை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.

அக்கா வீடு ஊரிலிருந்து தள்ளி, முந்திரிக் காட்டை ஒட்டி இருக்கிறது. ஷேர் ஆட்டோ இறக்கிவிட்ட இடத்திலேயே வாசனை வந்துவிட்டது. கேட்டைத் திறந்ததும் உறுதியாகிவிட்டது. பூண்டு.

"வா தம்பி," என்றாள் மல்லிகா அக்கா. குரலில் சுரத்தே இல்லை. "நீ பாட்டுக்கு எழுதிட்டுப் போயிருவ. நாந்தான இந்த ஆளுகூடக் குடித்தனம் பண்றேன்!"

விவரம் ஒவ்வொன்றாக வந்தது. காலையில் பல் விளக்கியதும் பச்சையாக ஆறு பல். மத்தியானம் பூண்டுக் குழம்பு. ராத்திரி பூண்டுப் பால். இது போதாதென்று முந்திரிக்கொட்டை பொறுக்க வரும் பெண்களுக்கும் ஆளுக்கு ரெண்டு பல் கொடுத்து, 'வெயில்ல நிக்கிறீங்கள்ல, தின்னுங்க' என்கிறாராம். அவர்கள் அவர் முகத்துக்கு நேரே வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் ரசத்தில் போட்டுவிடுகிறார்கள். அக்காதான் சொன்னாள்.

"பஸ்ஸுல இவரு பக்கத்துல ஒருத்தரும் ஒக்கார்றதில்ல."

"அது நல்லதுதான மாப்ள? எந்நேரம் ஏறுனாலும் ஜன்னல் சீட்டு!" என்றபடி உள்ளேயிருந்து வந்தார் மச்சான்.

அறுபத்தாறு வயது. இன்னமும் சட்டை போடாமல்தான் காட்டில் வேலை செய்வார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றுவிட்டது. மூக்குக்குப் பக்கத்தில் இடது கன்னத்தில் ஒரு பிளாஸ்திரி. அதைச் சுற்றிச் சதை சிவந்து கொப்பளித்துக் கிடந்தது.

"என்ன மச்சான் இது?"

"ஒண்ணுமில்ல மாப்ள. ஒரு கருப்புப் பொட்டு இருந்துச்சுல்ல, அதுல பூண்ட அரைச்சு வச்சுக் கட்டினேன். திங்கிறதுலயே அம்புட்டுப் பலன்னா, நேரா வச்சா இன்னுஞ் சுருக்காக் கேக்கும்ல?"

ஆமாம், அந்தப் பொட்டு. எனக்கும் தெரியும். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, பளபளவென்று இருக்கும். பொங்கலுக்கு வந்தபோதுகூடப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்டால் தோல் வெந்து கருத்துவிடும். கொட்டை உடைக்கிறவர்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் வறுக்கும்போது எங்காவது தெறித்துவிடும். அதனால் எங்கள் முந்திரிக்காட்டுப் பக்கம் உடம்பில் கருப்பு வடு இல்லாத ஆளே கிடையாது. அக்காவின் மணிக்கட்டில் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு நெற்றியிலேயே இருக்கிறது. யாரும் யாரையும் 'இது என்ன?' என்று கேட்பதில்லை. கேட்டாலும் பதில் தெரியும் — கொட்டை எண்ணெய் தெறித்தது.

"எப்ப தெறிச்சது மச்சான்?"

"அது இருக்கும்... ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா ஆறலையா?"

அவர் பிளாஸ்திரியின் ஓரத்தை அழுத்திவிட்டுக்கொண்டார். அக்காதான் சொன்னாள். துண்டால் முகம் துடைத்தால் ரத்தம் கசியும். பொருக்கு கட்டும். உதிரும். ஆறியதுபோல இருக்கும், பிறகு மறுபடியும் ரத்தம். தலையணை உறையில் கறை படிந்து படிந்து இரண்டு உறையைத் தூக்கிப் போட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நாலு மாதமாக மன்றாடியிருக்கிறாள். ஒருவழியாக அவரும் தைக்குப் பிறகு போகலாம் என்று ஒப்புக்கொண்டாராம்.

"அப்பத்தான் ஒன் கட்டுரை வந்துச்சு தம்பி," என்றாள். "அதத் தூக்கி எம் முன்னாடி போட்டாரு. 'பாருடி, ஒந்தம்பியே எழுதியிருக்கான், இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரி எதுக்கு'ன்னுட்டாரு."

வாங்கிப் போன பிஸ்கட் பாக்கெட்டை யாரும் பிரிக்கவில்லை.

மறுநாளே புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவானது. முடிவானது என்றா சொன்னேன்? மச்சான் ஒப்புக்கொள்ளவே இல்லை. கொட்டை பொறுக்கி முடியட்டும் என்றார். மழை வந்தால் கொட்டை கருத்துப் போகும் என்றார். கடைசியில் அக்கா ஒரே ஒரு வேலை செய்தாள். வீட்டிலிருந்த பூண்டு மொத்தத்தையும் ஒரு சாக்கில் கட்டி, ரூமில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க. அப்புறந்தான் ஒங்களுக்குப் பூண்டு," என்றாள். மச்சான் கிளம்பிவிட்டார்.

தோல் பிரிவில் நல்ல கூட்டம். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். மச்சான் பையிலிருந்து என் கட்டுரையை எடுத்தார். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள... ஒனக்கு ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லுங்க மச்சான்."

"இது கொட்டை எண்ணெய் இல்லேன்னு எனக்கு ஒரு வருஷமாத் தெரியும். எனக்கு எத்தன வாட்டி தெறிச்சிருக்கு! பத்து நாள்ல தோலு உரிஞ்சு ஆறி, வெறும் வடுவாயிரும். இது ஆறல. பயமா இருந்துச்சு. அவகிட்டச் சொன்னா அழுவா. புள்ளைகளுக்குச் சொன்னா போட்டது போட்டபடி ஓடியாரும். நீ எழுதுனியா... எனக்கு வசதியாப் போச்சு."

காட்டில் தனியாளாக மரம் வெட்டிச் சாய்க்கிற மனிதர், ஒரு மிளகு அளவுப் பொட்டுக்கு ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்திருக்கிறார். நான் அவருக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்திருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். உடல்நலக் கட்டுரைகளை நாம் எதற்காகப் படிக்கிறோம்? தெரிந்துகொள்ளவா? பாதிப் பேர் டாக்டரிடம் போகாமல் இருக்க ஒரு லீவ் லெட்டர் கிடைக்குமா என்றுதான் படிக்கிறோம். நானும் அப்படித்தான். வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கும் என்று எங்காவது படித்தால் போதும், ரத்தப் பரிசோதனையை மூன்று மாதம் தள்ளிப் போடுவேன். எழுதுகிறவனுக்கோ கடைசி வரி முக்கியம். படிக்கிறவருக்கு லீவ் லெட்டர் முக்கியம். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பொட்டு பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கிறது.

டாக்டர் இளம்பெண். பிளாஸ்திரியை மெதுவாகப் பிரித்தார். மூக்கைச் சுருக்கினார்.

"இது என்னங்க? பூண்டா?"

மச்சான் தலையாட்டினார்.

"யாரு வைக்கச் சொன்னது?"

மச்சான் மோவாயால் என்னைக் காட்டினார்.

"பேப்பர்ல எழுதுவாருங்க. என் மச்சினன்," என்று பெருமையாக வேறு சேர்த்துக்கொண்டார்.

அந்த அறையில் ஒளிந்துகொள்ள ஒரு பீரோகூட இல்லை. "வைக்கச் சொல்லலைங்க டாக்டர். சாப்பிடலாம்னுதான் எழுதினேன்," என்று முனகினேன். பிறகு அந்த ஆங்கிலச் செய்தியைப் பற்றி, ஆராய்ச்சியைப் பற்றி, கந்தகச் சத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை.

"ஆராய்ச்சி நடக்குறது உண்மைதான் சார். நம்பிக்கை தர்ற மாதிரியும் இருக்கு. ஆனா அதுல பெரும்பாலும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. மனுஷங்களுக்கு அப்படியே நடக்கும்னு இன்னும் யாரும் உறுதியாச் சொல்லலை. எங்க ஓபி-க்கு எலி வர்றதில்ல சார்."

நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்தச் செய்தியில் எலி இருந்தது. எனக்கு நன்றாக நினைவிருந்தது. நாலாவது பாராவில் தெளிவாகவே போட்டிருந்தார்கள் — இது எலிகளிடம் கண்டது, மனிதர்களிடம் இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று. நானும் அதை எழுதியிருந்தேன். ஆனால் பக்கத்தில் இடம் பற்றவில்லை. ஐந்து வரி குறைக்கச் சொன்னார்கள். எதைக் குறைப்பது? சன்ஸ்கிரீன் வரியையா? அதைத் தொட மனசு வரவில்லை. எலியை வெட்டினேன்.

டாக்டர் மச்சானிடம் திரும்பினார்.

"ஐயா, வராமத் தடுக்குமான்னு பாக்கறது வேற. வந்தத எடுக்கறது வேற. பூண்டு ரெண்டாவதச் செய்யாது. பச்சையா அரைச்சுத் தோல்ல வச்சுக் கட்டினா இப்படிச் சுட்டுத்தான் விடும். இந்தக் கொப்புளம் ஆறினாத்தான் அடியில என்ன இருக்குன்னு நான் சதை எடுத்துப் பாக்க முடியும். பத்து நாள் கழிச்சு வாங்க. பச்சைப் பூண்டும் வேண்டாம். அள்ளி அள்ளித் தின்னா ரத்தம் உறையத் தாமதமாகும்."

"கொழம்புல?" என்றார் மச்சான். குரலில் அப்படி ஒரு ஏக்கம்.

"குழம்புல தாராளமாச் சேத்துக்குங்க. அது மருந்து இல்ல, சாப்பாடு."

பத்து நாளில் சதை எடுத்தார்கள். ரிசல்ட் வர இன்னொரு பத்து நாள். அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். வீட்டில் பூண்டு உரிக்கும் வாசனை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவேன். இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக எழுதும் பத்தியில் கடைசி வரியே வரவில்லை. அந்த வாரம் மொட்டையாகத்தான் முடித்தேன். கவனித்தீர்களா? யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. ஒரு போன்கூட வரவில்லை.

ரிசல்ட் வாங்க நாங்கள் மூன்று பேரும் போனோம். அக்கா கையில் ஒரு மஞ்சள் பை. அதை விடவே இல்லை.

டாக்டர் காகிதத்தைப் படித்தார். நிமிர்ந்தார். நேராகவே சொன்னார்.

"தோல் புற்றுநோய்தான்."

அக்கா மச்சானின் முழங்கையைப் பிடித்தாள்.

"பயப்படாதீங்க. இது மெதுவா வளர்ற வகை. இருக்கற எடத்த விட்டு மத்த எடத்துக்குப் போறது ரொம்ப அபூர்வம். முழுசா வெட்டி எடுத்துட்டா பெரும்பாலும் அதோட முடிஞ்சுது. வருஷக் கணக்கா வெயில் பட்டதுதான் முக்கியக் காரணம். ஆனா இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தீங்கன்னா மூக்கையும் சேத்துத் தின்னிருக்கும்."

மச்சான் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"மெதுவான்னா... நம்ம டவுன் பஸ்ஸு மாதிரிங்களா?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். என்னால் அப்படியெல்லாம் முடியவில்லை. நான் வெறுமனே அழுதேன். கண்ணாடியைத் துடைப்பதுபோல் நடித்தேன், யாரும் நம்பவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டு, அடுத்த வாரமே எடுத்துவிட்டார்கள். ஆறு தையல். எடுத்த சதையின் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஒன்றும் மிச்சமில்லை என்று பரிசோதனையில் வந்தது. போன வெள்ளிக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது, தையல் பிரித்த இடத்தில் ஒரு மெல்லிய கோடுதான் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது மச்சான் காட்டுக்குப் போகும் கோலத்தை நீங்கள் பார்க்க வேண்டும். முழுக்கைச் சட்டை. அகலமான வெள்ளைத் துணித் தொப்பி. முகத்தில் சன்ஸ்கிரீன். ஆமாம், நான் குப்பையில் போடச் சொன்ன அதேதான்! கோயம்புத்தூர் மகள் வாங்கி அனுப்பியிருக்கிறாள். அப்பிக்கொண்டு அவர் வந்து நின்றால் கொட்டை பொறுக்கும் பெண்கள் 'அம்பயர் வந்துட்டாரு' என்று சிரிக்கிறார்களாம். இவரும் சளைக்காமல் ஒரு கையை உயர்த்தி அவுட் கொடுக்கிறாராம்.

அந்தச் சாக்குப் பூண்டு என்ன ஆனது? அக்கா மொத்தத்தையும் ஊறுகாய் போட்டுவிட்டாள். எனக்கு இரண்டு பாட்டில். "திங்கிறதுக்குத்தான் தம்பி. எழுதறதுக்கில்ல," என்று சொல்லிக் கொடுத்தாள்.

அப்படியும் எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் மச்சான்தான். தையல் பிரித்த அன்றைக்கே பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, இத எழுது."

"வேண்டாம் மச்சான். ஊர்ல ஆளுக்கொரு பேச்சுப் பேசுவாங்க."

"பேசட்டும். எம்பேரப் போட்டே எழுது. இங்கிட்டு முந்திரிக்காட்டுல இன்னும் எத்தன பேரு மூஞ்சில கொட்டை எண்ணெயின்னு நெனச்சுக்கிட்டு இத வச்சிருக்கானோ! பக்கத்துத் தோட்டத்துக்காரன நேத்துத்தான் அனுப்பி வச்சேன். அவனுக்கு ஒண்ணுமில்லையாம், வெறும் வடுதானாம். ஆனா போய்ப் பாத்துட்டு வந்தான்ல, அதுதான வேணும்?"

அதனால்தான் எழுதியிருக்கிறேன். ஒரு மாதம் ஆகியும் ஆறாத புண், ரத்தம் கசிகிற பொட்டு, வடிவம் மாறுகிற மச்சம் — எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பூண்டு குழம்பிலேயே இருக்கட்டும், அங்கே அது நன்றாகத்தான் இருக்கிறது.

எழுதி முடித்து நேற்று போனில் மச்சானுக்கு முழுசும் வாசித்துக் காட்டினேன். அம்பயர் இடத்தில் சிரித்தார். பெஞ்ச் இடத்தில் இருமினார். முடிந்ததும் கேட்டார்.

"எல்லாஞ் சரி மாப்ள. எலி இருக்குல்ல?"

"இருக்கு மச்சான்."

"எடம் பத்தலேன்னா என்னைய வெட்டிக்க. எலிய வெட்டிராத."